முதல் வாசலின் கடைசி வாடிக்கையாளர்

பழைய வாசலை ஐந்து மணிக்குள் மூடியாக வேண்டும். மணி மூன்று. யாரோ ஒருவர் மட்டும் அதை இன்னும் தட்டிக்கொண்டே இருந்தார்.

பார்சல் கம்பெனியின் இணையச் சேவைக்கு வாசல் அமைப்பவள் அவள். கடைகளின் கம்ப்யூட்டர்கள் அங்கே வந்து “பார்சல் எங்கே?” என்று கேட்கும், உடனே பதில் போகும். எதற்கெடுத்தாலும் விதி போடுவதால் ஆபீசில் அவளுக்கு ‘டீச்சர்’ என்று பெயர். நான்கு வருடங்களுக்கு முன் அவள் போட்ட விதி: இந்த வாசலில் கேள்வியும் பதிலும் வடிவம் மாறாது. இப்போது, எது புதிதாகச் சேர்ந்தாலும் தாங்கும்படி இன்னொரு வாசல் கட்டியிருந்தாள். பழையதை மூடிய பிறகே புதியது திறக்கும். திறந்தால் தலைமைப் பொறுப்பு அவளுக்கு.

“யாருன்னு கண்டுபிடிச்சியா?” என்றார் மேனேஜர்.

“தெரியல சார். அப்போ நாம யார்கிட்டயும் பேர் கேக்கல. நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. எப்பவும் ஒரே பார்சல்.”

“அது என்ன ஆச்சு?”

“நாலு வருஷம் முன்னாடியே குடுத்தாச்சு.”

மேனேஜர் தலையில் கை வைத்தார்.

பதிலின் அடியில், ‘தயவுசெய்து புதிய வாசலுக்கு வாருங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தாள். நிமிடத்துக்குப் பத்துக் கேள்வி வந்தது. வாசலை ஒரு நிமிடம் மூடிப் பார்த்தாள். நூறு வந்தது. அத்தனையையும் புதிய வாசலுக்குத் திருப்பிவிட்டாள். அங்கே ஆயிரமாகி, திறப்பு விழாவுக்கு முன்பே அது மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது.

“ஒரே ஒரு ஆளு. மூடித் தொலைம்மா.”

அவள் திரையில் ஏறிய எண்ணையே பார்த்தாள். வீட்டில் அவள் சொல்வதைக் கணவர் ஒரு தடவைகூட முழுதாகக் காதில் வாங்கியதில்லை. இங்கே முகம் தெரியாத ஒருவர் அவள் தரும் ஒற்றை வரிப் பதிலுக்காக ஆயிரம் தடவை தட்டுகிறார். பார்சல் கைக்கு வந்த பிறகும்.

“மாட்டேன் சார். மாறாதுன்னு சொல்லியிருக்கேன்.”

“அப்புறம் புது வாசல் உன் கையில இருக்காது. அடுத்த சீட்காரன் அதுக்குத்தான் காத்துட்டிருக்கான்.”

“அவரே பாத்துக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. இத்தனை தைரியம் எங்கே ஒளிந்திருந்தது?

மேனேஜர் அங்கேயே நின்று போனைப் போட்டு, பொறுப்பை அடுத்த சீட்காரரிடம் ஒப்படைத்தார். அவள் தான் சேர்த்த வரியை நீக்கினாள். பழைய வாசலைப் பழையபடியே திறந்து வைத்தாள். ஆயிரம் நூறாகி, பத்தாகி, ஒன்றில் வந்து நின்றது. நிமிடத்துக்கு ஒன்று. சாந்தமாக. அவளுக்குக் கண் கலங்கியது. பக்கத்து மேசைக்காரிகள் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார்கள். ஒருத்தி, “யாரோ என்னவோ, குடுத்து வெச்ச மகராசன்” என்றாள்.

அப்போது சர்வர் ரூம் அக்கா வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள்.

“மூணு மணியிலேர்ந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க டீச்சர்? பழைய வாசல் ஒழுங்கா பதில் சொல்லுதான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டிப் பாக்க நீங்களே ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தீங்கல்ல, பதில் மாற மாற அது பத்து மடங்கா தட்டி, அலாரம் அடிச்சே என் உயிர எடுத்துடுச்சு.”