ஆல்டன்பரிக்கு மட்டும்

நெருப்பு, சக்கரம், லிஃப்ட். இந்த மூன்றுக்கும் அடுத்தபடியாக மனிதகுலத்தை மேலே தூக்கிவிட்டது கல்லூரிகளின் ‘முன்கூட்டிய முடிவு’தான் என்பதில் ரஸ் ஹேவர்காம்புக்கு ஐயமே இல்லை. நியூ ஜெர்சியில் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ரஸ், எதையும் அது இயங்கும் விதம் பிடிபடாமல் விடமாட்டார். பீட்சா ஆறிக்கொண்டிருக்க, மகள் லிண்டிக்கு விளக்கினார்.

“ரொம்ப சிம்பிள்மா. ஒரே ஒரு காலேஜுக்கு நவம்பர் முதல் தேதிக்குள்ள அப்ளை பண்ற. இடம் கொடுத்தா கட்டாயம் சேருவேன்னு கையெழுத்து போடற. நானும் போடுவேன், ஸ்கூல் ஆலோசகரும் போடுவாங்க. இடம் கிடைச்சுதுன்னா மத்த காலேஜையெல்லாம் மறந்துடணும்.”

“அவங்க என்ன கையெழுத்து போடுவாங்க?”

“அவங்க எதுக்கும்மா போடணும்? அவங்கதான் காலேஜாச்சே.”

லிண்டிக்கு வயது பதினேழு. ஐஸ்கிரீம் கடையில் எல்லாவற்றையும் சின்னக் கரண்டியில் ருசி பார்த்து, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகு வெனிலா வாங்குபவள். பின்னோக்கி நடந்துகொண்டே பேசிய ஒரு வழிகாட்டி மாணவரைத் தொடர்ந்து, அப்பா மனதில் வைத்திருந்த ஆல்டன்பரி கல்லூரியை மழையில் ஒருமுறை சுற்றிப் பார்த்திருந்தாள். பிடித்திருந்தது. ஆனால் மெய்ன் மாநிலக் கடற்கரையில், ஜன்னலைத் திறந்தால் அலை தெரியும் கல்லூரி ஒன்றும் பிடித்திருந்தது. ஆல்டன்பரி ‘சரி’ என்றால் கடல் போய்விடும்.

பள்ளி ஆலோசகர் திருமதி ப்ரூயிட்டின் அறையில் ஆலோசனைக் கூட்டம் கூடியது.

“எங்க போனா செலவு குறைவுன்னு ரெண்டையும் பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாதா?” என்றாள் லிண்டி.

“ஒப்பிட்டுப் பாத்தா அது அன்பு இல்லையேம்மா,” என்றார் ப்ரூயிட் கனிவாக. “முன்னாடியே வர்றவங்களுக்கு வாய்ப்பு அதிகம். காலேஜுக்கு வேண்டியது அன்புதான்.”

ரஸ் நாற்காலி நுனிக்கு வந்தார். “அந்த அன்ப எப்படிங்க அளக்கிறாங்க?”

“அவங்க அனுப்புற மெயிலத் திறக்கறீங்களான்னு பாப்பாங்க.”

அன்புக்கும் ஒரு மானி! அன்று முதல் லிண்டிக்கு வந்த ஆல்டன்பரி மெயில்களையெல்லாம் ரஸ்ஸே திறந்தார். லிஃப்ட் கூரைமேல் நின்றுகொண்டும் திறந்தார். கல்லூரி வளாகத்து அணில்களைப் பற்றிய மெயிலைத் திரும்பத் திரும்பத் திறந்தார். அவ்வளவு ஆழமான அன்பை எந்த அணிலும் கண்டிருக்காது.

“கதவு மூடப் போகுது, லிண்டி. சட்டுனு உள்ள ஏறு.”

“எந்த மாடிக்குப் போகுதுன்னு தெரியாமலா?”

“ஏறினவங்களுக்குத்தாம்மா மாடி.”

கெடுவுக்கு முந்தின நாள், எல்லோரும் மாறுவேஷம் போடும் ஹாலோவீன் மாலையில், சுறாமீன் வேஷத்தில், துடுப்பைக்கூடக் கழற்றாமல் லிண்டி பொத்தானை அழுத்தினாள். ஆல்டன்பரிக்குத் தன்னை ‘முழுமனதோடு’ ஒப்புக்கொடுத்த பின், கொஞ்சம் அழுதாள். ரஸ் வெளியே போய்க் காரின் பின்கண்ணாடியில் ஆல்டன்பரி ஸ்டிக்கரை ஒட்டினார்.

டிசம்பரில் பதில் வந்தது. “உங்கள் அன்பு எங்களை நெகிழவைத்தது. எனினும், உங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு வசந்தகாலம் வரை அவகாசம் தேவை. அதுவரை உங்கள் அன்பு குறையவில்லை என்பதை உறுதிசெய்து எழுதவும்.”

ரஸ் இரண்டுமுறை படித்தார். இயக்கம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

“அப்ப நான் மெய்னுக்கு அப்ளை பண்ணலாமாப்பா?”

“தாராளமா.”

அவர் சொல்லி முடிக்கும்முன் மாடியில் அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

ரஸ் பனிசுரண்டியோடு காருக்குப் போனார். கண்ணாடியில் பனி இல்லை. அவர் சுரண்டியது ஸ்டிக்கரை. பக்கத்து வீட்டு டக் வேலியருகே வந்து நின்றார்.

“என்ன ரஸ், வேண்டாம்னுட்டாங்களா?”

“இல்லப்பா. நாலு பேரப் பாத்துட்டு, யோசிச்சுச் சொல்றாங்களாம்.”

“உன் பொண்ண மட்டும் ஒடனே சொல்லச் சொன்னாங்க?”

ரஸ் சுரண்டுவதை நிறுத்திவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

“அவளுக்குப் பதினேழு வயசு ஆயிடுச்சேப்பா. காலேஜுக்கு இருநூறுதானே ஆகுது. அதுக்குள்ள முடிவெடுக்கிற பக்குவம் எங்கேருந்து வரும்?”