உப்புத்தாளில் மிஞ்சிய மோட்டார் கம்பெனி

பயந்தவன் கையில் உப்புத்தாளைக் கொடுக்கக் கூடாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

கோவில்பட்டியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கயத்தாறு பக்கம் ஓர் அண்ணாச்சி வீட்டில், பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால், அவர் தாத்தா வாங்கிய சீமை மோட்டார் சைக்கிள் கிடந்தது. அதைச் செய்தது, சீமையில் அண்ணன் தம்பி இருவர் ஒரு கொட்டகையில் தொடங்கி, சில வருடங்களிலேயே நொடித்துப்போன கம்பெனி. அதன் வரலாற்றை எழுதுகிறவர், வண்டியைப் பார்க்கச் சென்னையிலிருந்து வருவதாக அண்ணாச்சிக்குப் போன் செய்தார். "ஒண்ணும் செய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றாராம். தூசி மட்டும் தட்டி வைக்கச் சொல்லி அண்ணாச்சி வண்டியை என்னிடம் அனுப்பினார்.

வீட்டுக்கு வருகிற எல்லாரும் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் சொல்கிறார்கள். அதற்காகக் காபி கொடுக்காமலா விடுகிறோம்?

துருவைப் பார்த்து ஊரைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டேங்கைத் தேய்த்தேன். மங்கிய தங்க எழுத்தில் ஏதோ பெயர். பாதி அழிந்து நிற்பதற்கு முழுசாய்ப் போவதே மரியாதை என்று பட்டது. (அன்றைக்கு அப்படித்தான் பட்டது.) மேலே டிராக்டர் சிவப்பை அடித்தேன்.

அண்ணாச்சியோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர் டேங்க் அருகே குனிந்தார். நிமிரவே இல்லை.

"ஏலே, பேரு எங்கலே?" என்றார் அண்ணாச்சி.

"அழுக்கா இருந்துச்சு அண்ணாச்சி, தேச்சிட்டேன்."

"எம் மூஞ்சிகூடத்தான் அழுக்கா இருக்கு. அதையும் தேய்ப்பியோ?"

வந்தவர் மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு டேங்கிலும் பெயர் எழுதியது அந்த அண்ணன் தம்பியின் தங்கையாம். கம்பெனிக் காகிதம் எதிலும் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருக்குத் தெரிந்து, அந்தக் கை எழுதியதில் மிஞ்சியது இது ஒன்றுதான். அதைப் படமெடுக்கத்தான் வந்திருக்கிறார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ, "தேய்ச்ச தாள் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. (பயந்தவன் எதையும் எறியமாட்டான்.) மடிப்பில் தங்கப்பொடி ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் வாங்கி, கவரில் வைத்துக்கொண்டு போனார்.

புத்தகம் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் அந்தத் தாளின் படம். கீழே இருந்த ஆங்கிலத்தை என் மகள் படித்துச் சொன்னாள்: "எழுதியவர் தங்கை. அழித்தவர் கோவில்பட்டி மெக்கானிக்."

இப்போதும் வீட்டுக்கு வந்தவர்கள் "ஒண்ணும் வேண்டாம்" என்றால், என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"ஏங்க, நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அவிய நெசமாத்தான் சொல்லுதாவ!"