மலேயாவுக்கு எழும்பினவன்

உலகத்துக்கு நன்மை செய்யக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு வேலைக்குப் பயந்து ஓடுகிறவர்கள் என்பது என் அபிப்பிராயம். ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை, என்னை வைத்துச் சொல்கிறேன். (மீதிப் பாதிப் பேர் நல்லவர்களாக இருக்கலாம். எனக்கு அவர்களோடு அவ்வளவாகப் பழக்கம் இல்லை.)

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்த கருங்கல்லுக்குப் பக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையை இரண்டாம் தடவையில் தாண்டிவிட்டு, அந்தக் களைப்பில் இரண்டு வருஷமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா நான் சின்னவனாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். வலது கையும் காலும் அசையாது, பேச்சும் குழறும். அவரைக் கவனித்துக்கொண்டது என் அக்கா தங்கம். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது. நிச்சயமாகியிருந்த சம்பந்தம், அப்பா விழுந்த மாதமே மெல்ல விலகிப் போய்விட்டது.

என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். அப்பா கிடந்த அறையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது என் பங்கு. தைலமும் மூத்திரமும் கலந்த அந்த வாடை எனக்குச் சேராது. எட்டு மாதத்தில் அந்த அறைக்குள் நான் போன தடவைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் இரண்டு தடவை குடை எடுக்கப் போனது.

இப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழும்பி நின்றான்.

அன்றைக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். மலேயாவில் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்யும் நம் ஜனங்கள் காய்ச்சலிலும் க்ஷயத்திலும் கவனிக்க ஆளில்லாமல் கிடப்பதைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்து இருக்கிறது, தமிழ் தெரிந்த கைகள்தான் இல்லை என்றார். இரண்டு வருஷம், சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு. "ஆர் போவீங்க?" என்று கேட்டு நிறுத்தினார். கோயிலில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ விசும்பினார்கள்.

எனக்குள் ஏதோ பொங்கியது. அது தேவ அன்பு என்று நினைத்தேன். கப்பல், பிரசங்கியாரின் கோட்டு, பெண்கள் பக்கத்து விசும்பல் எல்லாம் அதில் கலந்திருந்தது என்று இப்போது தெரிகிறது. "நான் போறேன்" என்றேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்து முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

எங்கள் கோயிலை நடத்திய உபதேசியார் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மலேயாத் தோட்டங்களில் துப்பாக்கிச் சண்டை நடக்கிறதாகப் பேப்பரில் படித்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் உயிரோடு திரும்ப மாட்டேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசல்படியில் நின்றபடியே (உள்ளே போகவில்லை) விஷயத்தைச் சொன்னேன்.

"மலேயாவுக்கா? எதுக்குலே?"

"சேவைக்கு. அங்க சீக்காளிகளைப் பாக்கதுக்கு ஆளு இல்லியாம்."

"சீக்காளியப் பாக்கதுக்கா? நீயா?"

"ஏன், எனக்குப் பாக்கத் தெரியாதா?"

அக்கா கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "இதப் பிடி. நான் போய் ரெண்டு குடம் வெள்ளம் கோரிட்டு வாறேன்."

"எனக்கு உபதேசியாரப் பாக்கணும்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்து வாயைக் கோணி ஏதோ சொன்னார். ஆசீர்வாதமாக இருக்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். பிறகு அக்காவிடம் கேட்டேன், அப்பா என்ன சொன்னாரு என்று.

"மடையன்னு சொன்னாரு" என்றாள்.

போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் நம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வேலை பார்த்து, அங்குள்ள டாக்டரிடம் கடிதம் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. டாக்டர் ஏலியம்மா மலையாளக்காரர், கோட்டயம் பக்கம். மெலிந்த உருவம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் கைகளைத்தான் முதலில் பார்த்தார்.

"எதுக்குப் போகணும்?"

"கஷ்டப்படுகிற ஜனங்களுக்குத் தொண்டு செய்ய."

"உன் வீட்டில சுகமில்லாதவங்க ஆராவது உண்டோ?"

"இல்ல" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இதை எத்தனையோ பேரிடம் சத்தியம் செய்து சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் நம்புவதில்லை. அந்த நிமிஷத்தில் அப்பா எனக்கு நினைவுக்கே வரவில்லை. கஷ்டப்படுகிற ஜனங்கள் என்றால் கப்பல் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் என்று இருந்தேன்.

ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். ஓரத்துக் கட்டிலில் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த தாசையன் என்ற கிழவர் இடுப்பு ஒடிந்து கிடந்தார். அவர் மலம் கழித்த பாத்திரத்தை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வரச் சொன்னார்கள். அதுதான் என் முதல் சேவை.

பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, கைகளை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். வார்டைக் கடக்க இருபது எட்டு வைக்க வேண்டும். பதினோராவது எட்டில் டாக்டர் ஏலியம்மா நோயாளிகளைப் பார்க்க எதிரே வந்துகொண்டிருந்தார்.

அதற்குமேல் விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். டாக்டரின் வெள்ளைச் சேலையைக் கண் திறந்து பார்த்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது நான் புதிதாக இழுத்துப் போட்ட ஒரு கட்டிலில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து தாசையன் கையை எட்டி எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். இடுப்பு ஒடிந்தவர்.

"பைய எழும்பு மக்கா" என்றார். "காலத்த ஏதாவது தின்னியா?"

எழும்ப முடியவில்லை. வெட்கமோ பயமோ, சாயங்காலம் நல்ல காய்ச்சல் அடித்தது. பன்னிரண்டு நோயாளிகளுக்குச் சேவை செய்யப் போனவன் பதின்மூன்றாவது நோயாளியாகி மூன்று நாள் படுத்திருந்தேன். வார்டுக்காரர்களுக்கு நான் வந்தது நல்ல பொழுதுபோக்காக இருந்தது. "மலேயா எழும்பிட்டானா?" என்று காலையில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் அக்கா வந்தாள். அப்பாவை அடுத்த வீட்டுச் சித்தியிடம் விட்டுவிட்டு, எனக்கு மாற்றுத் துணியோடு வந்திருந்தாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் விட்டாச்சு. பின்ன என்னத்துக்குக் கெடக்க?" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்போது தாசையன் முனகினார். கீழே விரித்திருந்த துணி நனைந்திருந்தது. அவரைத் தூக்கினால் வலியில் கத்துவார் என்பதால் இரண்டு பேர் வரும்வரை காத்திருப்பது அங்கே வழக்கம். அக்கா காத்திருக்கவில்லை. நனைந்த துணியை நீளவாக்கில் சுருட்டி அவர் முதுகோடு ஒட்டி வைத்தாள். புதுத் துணியையும் பாதி சுருட்டி அதன் பக்கத்தில் வைத்தாள். "இந்தால பாரும் பாட்டா, எனக்க கழுத்தப் பிடியும்" என்று சொல்லி அவரை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒன்றை உருவி மற்றதை விரித்துவிட்டாள். அவர் கத்தவில்லை. வேலை முடிந்தது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஆரு படிப்பிச்சது?"

"ஆரும் படிப்பிக்கல்ல. எங்க அப்பா எட்டு மாசமா கெடப்புல கெடக்காரு. அவரத் திருப்பித் திருப்பிப் பழகினது."

"இவன் உனக்கு ஆரு?"

"எனக்க தம்பி."

டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். "சுகமில்லாதவங்க ஆரும் வீட்டில இல்ல என்னு அல்லவா நீ என்னிடம் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் அழுக்குத் துணியை மடித்துப் பையில் வைத்தாள். மடிப்பு சரியில்லை என்று வெளியே எடுத்து இன்னொரு தடவை மடித்தாள். வாழ்நாளில் நான் பட்ட அவமானங்களை வரிசையாக நிறுத்தினால், பாத்திரம் சிந்தியது மூன்றாவது நான்காவது இடத்தில்தான் வரும். முதல் இடம் அந்தத் துணி மடிப்புக்கு.

கடைசியில் டாக்டர் அக்காவிடம் கேட்டார், "மலேயாவுக்கு நீ போவியோ?"

"அப்பாவ ஆரு பாக்கது?"

டாக்டர் என்னைக் காட்டினார். "இவனுக்குக் கையும் காலும் உண்டல்லோ."

அக்கா நாலு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கிணற்றடியில் அப்பாவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டாள்.

"லே, ஒண்ணு கேக்கட்டா. நான் போணும்னு நெனைக்கது அந்தச் சீக்காளிகளுக்காகவா, இல்ல இந்த வீட்டுல இருந்து தப்பிக்கதுக்கா?"

"ரெண்டும்னா தப்பா?" என்றேன்.

"நீ தப்பிக்கத்தான் எழும்பின. நானும் அப்படித்தான்னு தோணுது." துணியைப் பிழிந்து உதறினாள். "ஆனா எனக்கு வேல தெரியும்."

அப்பாவிடம் அவளே கேட்டாள். நான் அன்றைக்கு அறைக்குள் நின்றிருந்தேன். அவர் ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "போ" என்றார். அது எனக்கும் விளங்கியது. கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்க அவர் இடது கையைத் தூக்குவதற்குள் அக்கா துடைத்துவிட்டாள்.

இதற்கிடையில் கோயிலில் எனக்குப் பிரிவு உபசாரம் ஏற்பாடாகிவிட்டிருந்தது. மாதர் சங்கத்தார் என் அளவுக்கு இரண்டு சட்டை தைத்திருந்தார்கள். உபதேசியார் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டி, சிறுவர்களுக்குப் பழக்கியும் விட்டார். நான் எழும்பி நின்றேன். ஒரு மாதத்துக்கு முன்னால் எழும்பிய அதே இடம்.

"நான் போவல்ல. எங்க அக்கா போறா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடாத பேப்பர் வாசகர்தான் அதிகமாகச் சிரித்தார். உபதேசியாருக்குப் பாட்டை விட மனமில்லை. பாட்டில் எபனேசர் என்று என் பேர் வரும். அந்த இடத்தில் அக்காவின் பேரைப் போட்டுப் பாடச் சொன்னார். தங்கம் என்ற சின்னப் பேரை எபனேசர் அளவுக்கு இழுத்ததில், சரணத்துக்குச் சரணம் அக்காவின் பேர் அழுகைபோலவே கேட்டது. அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சட்டைகளையும் அவளிடமே கொடுத்தார்கள். மலேயாவில் இரண்டு நோயாளிகள் அவற்றைப் போட்டுக் கிழித்ததாகப் பிறகு எழுதியிருந்தாள்.

கருங்கல்லில் பஸ் ஏற்றிவிட்டேன். திருநெல்வேலி போய், ரயிலில் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து பினாங்குக் கப்பல். பஸ் கிளம்பும்போது அவள் சொன்னது, அப்பாவுக்கு மத்தியானம் இடது பக்கமாகச் சாய்த்துவிட வேண்டும் என்பதுதான்.

முதல் வாரம் நானும் அப்பாவும் பட்ட பாட்டை எழுதினால் இரக்கமுள்ளவர்கள் படிக்க மாட்டார்கள். சோற்றை மூக்கில் ஊட்டியிருக்கிறேன். கட்டிலோடு சேர்த்து அவரைக் கவிழ்த்திருக்கிறேன். அவர் தினமும் என்னை மடையன் என்றார். எனக்கு அவர் பேச்சு தெளிவாக விளங்க ஆரம்பித்தது அப்படித்தான். மூன்று மாதத்தில் வாடை போய்விட்டது, அல்லது நானும் அந்த வாடையாகிவிட்டேன்.

இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரு காலை அப்பா போய்விட்டார். தந்தி கொடுத்தும், அது அக்காவுக்குப் போய்ச் சேரச் சுணங்கிவிட்டது. அடக்கம் முடிந்த பிறகும் அப்பாவின் பேருக்கு அவளிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. முதுகுப் புண்ணுக்கு என்ன போட வேண்டும் என்று ஒன்றில் விவரமாக எழுதியிருந்தாள். மூன்றையும் படித்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

அக்கா இரண்டு வருஷத்தில் திரும்பவில்லை. ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அவள் வந்து இறங்கியபோது எங்கள் ஜில்லாவைத் திருவிதாங்கூரிலிருந்து எடுத்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்திருந்தார்கள். "போவும்போ ஒரு ராஜ்யம், வரும்போ வேற ராஜ்யம். நீங்க எல்லாரும் எங்க போனீங்க?" என்றாள். நெற்றியோரம் நரைத்திருந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் ஆகி, பேரப்பிள்ளைகளும் ஆகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் நான் எந்த நல்ல காரியத்துக்கு முன்வந்தாலும் பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: "அப்பா எழும்பியாச்சு. அத்தை, நீங்க பெட்டி கெட்டுங்க." கோயில் கமிட்டியிலும் இது பரவிவிட்டது. யாருக்கு விருப்பம் என்று போதகர் கேட்டால், எல்லோரும் முதலில் நான் உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்ப்பார்கள்.

போன கிறிஸ்மஸ் சாப்பாட்டில் புதிதாக வந்த மருமகளுக்கு என் மூத்தவன் இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னான். மேசையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் அக்கா என் பக்கம் சாய்ந்து, இத்தனை வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"கடைசியில அப்பாவுக்கு நகம் ஆருலே வெட்டிவிட்டா?"

"நான்தான்."

"ரெத்தம் வந்துதா?"

"ரெண்டு தடவ."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. பெட்டி கட்டும் கதைக்குத்தான் அத்தை சிரிக்கிறாள் என்று நினைத்து, மூத்தவன் அந்த இடத்தை இன்னொரு தடவை சொன்னான்.