அத்தை காலெடுத்து வைக்கையில் எழுபத்திரண்டு டிகிரி

"ஏங்க, ஹீட்டர் மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சு."

நடு சீட்டிலிருந்து வான்மதி சொன்னதும், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சபரிநாதன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஸ்டாக்டனை அப்போதுதான் தாண்டியிருந்தார்கள். மலையேற இன்னும் எவ்வளவோ தூரம் கிடந்தது.

"இப்பத்தானே உன்னை ஆன் பண்ணச் சொன்னேன்?"

"பண்ணுனேன். பட்டன் பச்சையாத்தான் இருந்துச்சு. இப்ப பாத்தா சாம்பக் கலர்ல கெடக்குது. ரூம் நாப்பத்தி மூணு."

அது பாரன்ஹீட் கணக்கு. பவானியிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாருக்குப் புரிகிற கணக்கில் சொன்னால் ஆறு டிகிரி.

சபரிநாதன் ஆர்னால்டு என்கிற மலையூருக்கு மேலே, காட்டுக்குள், ஒற்றை அறை மரக் கேபின் ஒன்றைப் போன கோடையில் வாங்கியிருந்தான். அங்கே கரண்டுக் கம்பி கிடையாது. கூரைமேல் சோலார் தகடு, தரைக்கடியில் பேட்டரிப் பெட்டி, சுவரில் ஹீட்டர், வானத்தைப் பார்த்தபடி இன்டர்நெட்டுக்கு ஒரு தட்டு. பிளசன்டனில் அவர்கள் குடியிருக்கும் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் பட்டனைத் தொட்டால், மலைமேல் அறை சூடாகும். வீட்டுக்கு வருகிற ஒருவரையும் இதைச் செய்து காட்டாமல் அவன் காபி குடிக்க விட்டதில்லை.

வான்மதிக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. "மனுசங்க சூடு தேடி ஊருக்குள்ள வருவாங்க. நாம காட்டுல போய்க் குளுரை வாங்கி, அதுக்கு ஹீட்டரும் வாங்கியிருக்கோம்" என்பாள். கடைசியாக அவள் ஒரே ஒரு நிபந்தனையில் வந்து நின்றாள்.

"எங்கம்மாவை ஒரு தடவை கூட்டிட்டுப் போலாம். அங்க போயி அம்மா வாயில 'குளுருது'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அடுத்த வாரமே விக்கற போர்டு வெச்சிரணும். சம்மதமா?"

சம்மதம் என்று அவன் கை நீட்டியதற்குக் காரணம் அந்தப் பட்டன்தான். அத்தை காலெடுத்து உள்ளே வைக்கையில் அறை எழுபத்திரண்டு டிகிரி, பவானிக் கணக்கில் இருபத்திரண்டு, இருக்கும் என்று சொல்லியிருந்தான். நம்பிக்கை வரட்டும் என்று மாமனார் போனிலும் அதே ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். "ஒரே பட்டன்தான் மாமா. கைக்கொழந்தைகூட ஆன் ஆஃப் பண்ணலாம்."

விற்றால் வாங்க ஆளும் தயார். ஆபீஸில் பக்கத்து மேஜை பிச்சுமணி, தினமும் அவனைப் பார்த்ததும் "என்ன, மாமியார் கெளம்பியாச்சா?" என்றுதான் குட்மார்னிங் சொன்னார்.

மாமியார் புஷ்பவல்லியின் குளிர் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வந்திறங்கிய அன்று ஏர்போர்ட் வாசலில் ஒரே ஒரு தும்மல் தும்மினார். அன்று முதல் வீட்டில் ஹீட்டர் எழுபத்தெட்டுக்கு ஏறியது. ஸ்வெட்டர், காதுத் துணி, கம்பளிச் சாக்ஸ் எல்லாம் வந்து இறங்கின. அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. மகளுக்குக் கல்யாணமான நாள் முதல் எது சொல்வதானாலும் கணவர் காதில் சொல்வார். கணவர் மாப்பிள்ளையிடம் சொல்வார். மற்ற நேரமெல்லாம் என்ன சமைப்பது என்கிற யோசனையில் ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் அதன் முன்னால் நிற்பார்.

இப்போதும் வண்டியின் கடைசி சீட்டில் காலை நீட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தார். கணவரின் போன் அவர் மடியில் முருகன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது.

"மாப்ள, ஏனுங், அந்த ரூமே நாப்பத்தி மூணுன்னா, அதுக்குள்ள ஃபிரிட்ஜு எதுக்குங் ஓடுது?" என்று கேட்டார் முன் சீட்டிலிருந்த மாமனார் குமாரசாமி. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கரண்டு வீணாவதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது.

சபரிநாதன் ஸ்டியரிங்கைத் தட்டினான். "கரெக்ட் மாமா! லோடு ஜாஸ்தியாகி அதான் ஹீட்டரை வெட்டி விடுது. மதி, ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணு. ஹீட்டரை ஆன் பண்ணு."

பண்ணினாள். பச்சை வந்தது. எல்லோரும் ஒரு மூச்சு விட்டார்கள்.

பின்னாலிருந்து புஷ்பவல்லி, போனையே பார்த்துக்கொண்டிருந்த வான்மதிக்கு மேலாக எட்டி, பின்பக்கம் சாய்ந்த கணவரிடம் கிசுகிசுவென்று நீளமாக ஏதோ சொன்னார். நடுவில் இரண்டு முறை நெற்றியில் கை வைத்துக் காட்டினார்.

"அத்தை என்ன சொல்றாங்க மாமா?"

குமாரசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணுமில்லீங் மாப்ள. வண்டி நல்ல சௌகரியமா இருக்குதாமா."

கண்ணாடியில் பார்த்தான். அத்தை முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். பாவம், மூக்கு ஒழுகுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, வண்டியின் சூட்டை இன்னும் இரண்டு புள்ளி ஏற்றி வைத்தான்.

ஏஞ்சல்ஸ் கேம்ப் என்கிற ஊர் வருவதற்குள் வான்மதியின் குரல் வந்துவிட்டது. "சாம்பல்."

"அதெப்படி?"

"என்னைக் கேட்டா? நானா செஞ்சேன் இதை?"

சபரிநாதன் யோசித்தான். முந்தின வாரம் முழுவதும் பனி கொட்டியிருந்தது. தகடு மூடிக்கிடக்கிறது, சார்ஜ் ஏறவில்லை. பேட்டரியும் பாதிக்கு வந்துவிட்டது. அந்தப் பேட்டரிக்கே குளிர் ஆகாது. அதைப் போர்த்திச் சூடாக்க ஒரு மின்சார மெத்தை பெட்டிக்குள் இருந்தது.

"பேட்டரிக்குக் குளிரெடுத்திருக்கும். அந்த வார்மர்னு இருக்கு பாரு, அதை ஆன் பண்ணு. அப்புறம் ஹீட்டர்."

"வார்மர் எதுலங் ஓடும் மாப்ள?" என்றார் குமாரசாமி.

"பேட்டரிலதான் மாமா."

குமாரசாமி கொஞ்ச நேரம் வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நல்லதுங்" என்றார்.

மர்ஃபீஸில் பெட்ரோல் போட நிறுத்தியபோது மறுபடியும் சாம்பல். அறை முப்பத்தொன்பது. சபரிநாதன் போனை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டு, பங்க் ஓரமாக நின்று, கடைசி ஆயுதத்தை எடுத்தான். மொத்த சிஸ்டத்தையும் அணைத்து மறுபடி எழுப்பினான். அது அணைந்தது. எழுந்திருக்கத்தான் மனமில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவனும் வண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். மகள் ரோஷினி ஒரு பாக்கெட் சிப்ஸைத் தின்று முடித்தபிறகுதான் உயிர் வந்தது. வந்த ஆத்திரத்தில் ஹீட்டரை எண்பத்தைந்தில் வைத்து அமுக்கினான்.

"எண்பத்தஞ்சா? வெந்துருவோம்!" என்றாள் வான்மதி.

"நாம போறதுக்குள்ள எழுபத்திரண்டுக்கு வரணும்ல? உனக்கென்ன, உன் கை இப்பவே போர்டு எழுதுது."

பின் சீட்டில் முருகன் பாட்டு ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

ஆர்னால்டு நெருங்கியபோது பச்சை செத்திருந்தது. சபரிநாதன் வண்டியை ஓரங்கட்டினான். ஹீட்டர் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டான். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமைசாலி. எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை, ஒவ்வொரு தடவையும் யாரோ ஆள்தான் அணைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, இந்த நாள் இனிதாகட்டும் என்று வாழ்த்தி வைத்தாள்.

வான்மதி சீட்டின் நுனிக்கு வந்தாள்.

"ஆளா?" என்றாள் வான்மதி. "ஏங்க, உள்ள ஆள் இருக்காங்களா?"

"மே பி இட்ஸ் எ பேர்!" என்றாள் ரோஷினி, கரடியை நினைத்து ஆசையாக.

"கரடிக்கு சுவுத்துல பட்டன் எட்டுமாடி? திருடன்தான்!"

"கண்ணு, கொஞ்சம் ரோசனை பண்ணு" என்றார் குமாரசாமி. "திருடன் இந்தக் குளுருக்கு ஹீட்டரைப் போடுவானா, அணைப்பானா?"

பின்னால் புஷ்பவல்லிக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி இருமினார்.

"பாத்தீங்களா, இப்பவே எங்கம்மாவுக்கு நெஞ்சைக் கட்டிருச்சு!" என்றாள் வான்மதி.

சபரிநாதன் காமிராவைத் திறந்தான். அறை இருட்டு. லைட்டைப் போட்டான். நாற்காலி, கட்டில், மேஜை. ஆள் இல்லை. ஒளிந்திருப்பான் என்று வெளி லைட்டுகளையும் போட்டான். அதுவும் போதாமல் அபாயச் சங்கை அலற விட்டான். யாருமில்லாத காட்டில் யாருமில்லாத வீடு கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சமாக நின்று, அவர்கள் போய்ச் சேரும்வரை ஊளையிட்டது.

போய்ச் சேர்ந்தபோது சங்கின் சத்தம் மெல்ல இறங்கி, முனகி, நின்றது. லைட்டும் போனது. மேற்கே இன்னும் வெளிச்சம் பாக்கியிருந்தது. பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது.

குமாரசாமிதான் கையில் ஒரு விறகுக் கட்டையோடு முதலில் போனார். "யாருடா அது? வெளிய வாடா!" என்றார் நல்ல பவானித் தமிழில். உள்ளே யாரும் இல்லை. ஜன்னல்கள் பூட்டியபடி இருந்தன. பனியில் அவருடைய காலடியைத் தவிர வேறு காலடி கிடையாது. ஹீட்டரின் கீழே சின்னச் சிவப்பு விளக்கு, பேட்டரி தீர்ந்தது என்று மினுக்கிக்கொண்டிருந்தது.

"மெத்தை கொஞ்சம் தின்னுச்சு, லைட்டு கொஞ்சம் தின்னுச்சு, மீதியைச் சங்கு ஊதிருச்சுங் மாப்ள" என்று மின்வாரியக் கணக்கை முடித்து வைத்தார் குமாரசாமி.

அறை முப்பத்தெட்டு டிகிரி. ஆளாளுக்கு வாயிலிருந்து புகை வந்தது. ரோஷினி அம்மாவின் கோட்டுக்குள் புகுந்துகொண்டாள். வான்மதிக்குப் பல் கிட்டியது. சபரிநாதன் கம்பளிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான், அத்தை காலெடுத்து வைக்கையில் போர்த்தியாவது விடலாமென்று.

புஷ்பவல்லி நிதானமாகப் படியேறி வந்தார். வாசலில் நின்று அறையை ஒரு தடவை பார்த்தார். காதுத் துணியை அவிழ்த்தார். ஸ்வெட்டரைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். கம்பளிச் சாக்ஸை ஒவ்வொன்றாக உருவி எறிந்தார். பனிக்காற்று நேராக வருகிற மாதிரி நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, காலை அகட்டிச் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பாடா! என்னமாக் குளுருது!"

வான்மதி புருஷனைப் பார்த்தாள். "வார்த்தை வந்துருச்சு."

"வந்துருச்சு" என்றான் சபரிநாதன். கம்பளிகள் கையிலிருந்து நழுவின. பிச்சுமணி இந்த நாற்காலியில் உட்கார்ந்து விசிலடிப்பது அவன் கண்முன் வந்தது. "சரி மதி. சொன்னா சொன்னதுதான். போர்டு வெச்சிரலாம்."

"என்ன போர்டு கண்ணு?" என்று புஷ்பவல்லி கண்ணைத் திறந்தார்.

"கேபினை விக்கறாரும்மா. உனக்குக் குளுருதில்ல?"

புஷ்பவல்லி விருட்டென்று எழுந்து, கணவர் காதருகே போய்ப் படபடவென்று பேசினார். குமாரசாமி வழக்கம்போல் தொண்டையைச் செருமினார்.

"உங்கத்தை என்ன சொல்றாங்கன்னா மாப்ள, எல்லாம் சௌகரியமா இருக்குதாமா, பிளசன்டன் வீடாட்டமே..."

"நீங்க செத்த சும்மா இருங்" என்றார் புஷ்பவல்லி.

குமாரசாமி வாயை மூடினார். புஷ்பவல்லி தலைக்கு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த கணவரின் போனை எடுத்து மாப்பிள்ளையின் முன்னால் நீட்டினார். திரையில் அந்த ஒற்றைப் பட்டன் சாம்பல் நிறத்தில் இருந்தது. கல்யாணமான நாள் முதல் இன்றுவரை பேசாதவர், முதன்முதலாக அவன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்:

"மாப்பிள்ளைங், மூணு வாரமா ஊட்டுக்குள்ள வெந்துபோயி, ஃபிரிட்ஜுக்குள்ள தலையை உட்டுட்டு நின்னவளுங் நானு, நீங்க இதைப் போடப்போட வழி நெடுக அமுக்கி அமுக்கி அணைச்சதும் நாந்தானுங், இந்த ஊட்டை மட்டும் வித்துப்போடாதீங்!"