அந்தோனியார் அம்மன் கோயிலில் தங்கியதும் நான் குருநகர் திரும்பும் காரணங்களும்

மேல்பிரிவு லயம்,
அட்டன் பக்கத்துத் தோட்டம்.
27.06.2024

அன்பும் கண்டிப்பும் ஒருங்கே அமைந்த தேவராசா அண்ணை அவர்கட்கு, தம்பி சூசைதாசன் பணிவுடன் எழுதுவது.

இறைவன் அருளால் நானும் சிசிலியாவும், மூக்கு ஒழுகுவது நீங்கலாக, நலம். உங்கள் முழங்காலும் அண்ணியின் சீனி வருத்தமும் அவ்வாறே ஓர் ஒழுங்குக்கு உட்பட்டிருக்கும் என நம்புகிறேன்.

நீங்கள் கேட்டிருந்த முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மலைநாட்டு மறைப்பணிக்கென நான் ஒப்புக்கொண்ட ஓராண்டு அடுத்த மாதத்துடன் நிறைவுறுகிறது. இன்னுமோர் ஆண்டு இருக்க இயலுமா என, என்னை இங்கு அனுப்பிய பணியகத்தார் கேட்டுள்ளார்கள். இயலாது என்று எழுதப் போகிறேன். ஊர் திரும்பி, நீங்கள் எனக்காகப் பிடித்து வைத்திருக்கும் பங்குச் சபைச் செயலாளர் பதவியை ஏற்பேன். சபையில் நீங்கள் வாசித்துக் காட்ட வசதியாகக் காரணங்களை முறைப்படி கீழே தருகிறேன்.

முதலாவது காரணம், இந்த லயத்து வரிசை வீடுகளில் உள்ளோர் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமை. வந்த புதிதில், மாலை வேளையில் மட்டுமே என்னைச் சந்திக்கலாம் என ஓர் அறிவித்தல் எழுதிக் கதவில் ஒட்டினேன். பக்கத்து வீட்டு உதயகலா, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண், அதை நின்று நிதானமாக வாசித்தார். "எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குங்க சார்" என்று பாராட்டினார். பிறகு, விடிந்தும் விடியாத அந்த நேரத்திலேயே, ரொட்டியும் சம்பலுமாக உள்ளே வந்துவிட்டார். கதவைத் தட்டும் வழக்கம் இங்கு இல்லை, "சார் இருக்கீங்களா?" என்று கேட்பதே உள்ளே வந்து கதிரையில் அமர்ந்த பிறகுதான். எனக்குக் காய்ச்சல் கண்டபோது வீட்டுக்கு வீடு கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தார்கள். ஒருவருடையதைக் குடித்து மற்றவருடையதை விட்டால் மனம் நோகுமே என்று அத்தனையையும் குடித்தேன். காய்ச்சல் விட்டது, ஆனால் மறுநாள் முழுவதும் மலசலகூடத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பிள்ளைகளுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பிலும் இதே கதைதான். அவர்களைக் கூட்டிச் செல்ல வரும் தாய்மார் கடைசி வாங்கில் அமர்ந்து தாங்களும் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினார்கள். பெயர் பதியாதோர் வகுப்பில் இருப்பது விதிமீறல் என்றேன். அடுத்த நாளே எல்லோரும் பெயர் பதிய வந்து நின்றார்கள். ஒரு சமூகத்தை விதியைக் காட்டியும் அடக்க முடியாவிட்டால் என் போன்றவன் என்ன செய்வது?

இரண்டாவது காரணம் காலநிலை. இது குறித்து ஊரில் வேறு விதமாகக் கதை பரவ முன் நானே எழுதிவிடுவது நல்லது. இம்மாதம் எங்கள் சிற்றாலயத்தில் அந்தோனியார் திருநாள். பவனியின் ஒழுங்குவிதிகளை நானே வகுத்தேன். அண்ணை, நீங்களும் நானும் குருநகர்க் கடற்கரையில் சோளகக் காற்றில் வளர்ந்தவர்கள். சோளகம் என்றால் எங்களுக்கு வெயில். கருவாடு காயும் காலம். அந்தக் காற்றில் மழையாவது? ஈர விரலை உயர்த்தி, காற்று தென்மேற்குத்தான் என்பதை உறுதி செய்துகொண்டு, மழைக்கு இடமில்லை என்று செபத்தின் முடிவில் அறிவித்தேன். எல்லோரும் "சரிங்க சார்" என்றார்கள். அன்றைய தினமோ ஒருவர் தவறாமல் குடையோடு வந்து நின்றார்கள்! எனக்குச் சுருக்கென்றது. குடை வரிசையைக் கெடுக்கும், படத்திலும் அழகாயிராது என்று சொல்லி, அத்தனை குடைகளையும் சிற்றாலயத்துக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தேயிலை மலையின் வளைவு திரும்பினோம், வந்தது அண்ணை மழை! அதை மழையெண்டு சொல்லலாமோ தெரியாது, கடலை அப்படியே தூக்கித் தலையிலை ஊத்தினது மாதிரி. மெழுகுதிரி அணைஞ்சுது, பாட்டும் அணைஞ்சுது, நான் எழுதின விதித்தாள் கையிலையே கரைஞ்சுது. அந்தோனியார் சுரூபம் சுமந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாக வழுக்கினார்கள். அருகில் இருந்த ஒரே கூரை மாரியம்மன் கோயில் மண்டபம். கோயில் தலைவர் நடராசா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். நான் வாசலில் நின்று, எமது சுரூபத்தை வேறொரு ஆலயத்துள் கொண்டு செல்வதற்கு ஆயரின் அனுமதி அவசியமா என்பதை ஆராய வேண்டும் என்றேன்.

"சாமி நனையுது சார். மொதல்ல உள்ள கொண்டாங்க, அனுமதி பின்னாடி மெதுவா வரட்டும்" என்றார் நடராசா.

அந்தோனியார் உள்ளே போய்விட்டார். அதன்பின் நான் மட்டும் மழையில் நின்று ஆராய்வதில் பொருளில்லை. கோயில் பெண்கள் பெரிய கேத்தலில் தேநீர் கொண்டுவந்தார்கள். என் பற்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்து நடராசா கேட்டார்: "ஏன் சார், இந்தக் காத்து உங்க ஊருக்கு மழையே கொண்டாராதா?"

"ஒரு துளியும் இல்லை" என்றேன்.

"எப்படிக் கொண்டாரும்? எல்லாத்தையும் எங்க தலையில கொட்டிட்டு வெறுங்கையோடல்ல உங்க ஊருக்கு வருது!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்; பவனியை நடத்துபவர் சிரிப்பது முறையல்ல என்பதை அறிவேன். பிறகு அங்கேயே மன்றாட்டுமாலை சொன்னோம். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பதிலை எங்கள் ஆட்களிலும் பார்க்க மாரியம்மன் அடியார்கள் உரக்கச் சொன்னார்கள்.

மழை விடவில்லை, பாதையும் சேறு. அந்தோனியாரை அங்கேயே விட்டு வரவேண்டியதாயிற்று. காலையில் போய்ப் பார்க்கிறேன், அவரைத் துவட்டி, தோளில் ஒரு கம்பளிச் சால்வையும் போர்த்தியிருக்கிறார்கள். சால்வை உதயகலாவினுடையது.

"அவரும் உங்கள மாதிரி குளிர் பழகாதவரா இருப்பாருன்னு நெனச்சேங்க சார்" என்றார்.

சால்வையை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை முறைப்படி பங்குத்தந்தைக்கு அறிவித்தேன். அவர் தொலைபேசியில் எடுத்து, "சூசைதாசன், அந்தோனியாருக்குத் தடிமன் பிடிச்சதோ? இல்லையெல்லோ? பிறகென்ன!" என்று வைத்துவிட்டார். அவரும் இங்கு நெடுங்காலம் இருந்துவிட்டார், பாவம்.

மூன்றாவது காரணம் என் மனைவி சிசிலியா. என் பெட்டியைக் கட்டவென்று ஊரிலிருந்து வந்தவள் பெட்டியை இன்னும் கட்டிலுக்கடியில் இருந்து எடுக்கவில்லை. கொண்டுவந்த பனங்கிழங்கு ஒடியல் மாவில் ஒரு பெரிய பானை கூழ் காய்ச்சி லயம் முழுவதையும் அழைத்தாள். கோப்பையோடு வந்த சனம் ஊதி ஊதிக் குடித்து, உறைப்பில் கண்ணீர் விட்டு, இன்னும் கேட்டது.

"அக்கா, வீட்லயும் சார் இப்படித்தான் நோட்டீஸ் ஒட்டுவாரா?" என்று உதயகலா கேட்க, "ஒட்டுவார் பிள்ளை. நான் கிழிப்பன்" என்று என் முன்னாலேயே பதில் சொல்கிறாள். இந்நிலை நீடித்தால் எனக்கு என்ன மதிப்பு?

போன ஞாயிறு நடராசா வந்து, அம்மன் திருவிழா அன்னதானத்தில் வரிசையை ஒழுங்குபடுத்த என்னை விட்டால் ஆளில்லை என்றார். அதற்கு முன் நான் போய்விடுவேன் என்று அப்போதுதான் சொன்னேன். "அப்ப, எங்க குடையெல்லாம் இனி யாரு சார் பூட்டி வெப்பா?" என்றார். பகிடிக்குத்தான் சொன்னவர், ஆனா ஒருத்தரும் சிரிக்கேல்லை அண்ணை. உதயகலா அடுப்பூதப் போறன் எண்டு எழும்பிப் போனா. அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுகொண்டிருந்தது.

எனவே, மேற்கூறிய காரணங்களால், நான் திரும்புவது உறுதி. உங்கள் இல்லத்தில் சமாதானமும், வலைகளில் மீனும், அண்ணியின் இரத்தத்தில் அளவான சீனியும் நிலைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள தம்பி,
சூசைதாசன்

பி.கு.: உறையில் இட முன் சிசிலியா இக்கடிதத்தை வாங்கி வாசித்தாள்.

"உதென்னப்பா எழுதி வைச்சிருக்கிறியள்? அண்ணை உதைச் சபையிலை வாசிச்சால் பாதிச் சனம் பெட்டி கட்டிக்கொண்டு இஞ்சை வந்திடும்."

"காரணங்கள் மூன்றும் தெளிவாக இருக்கின்றனவே" என்றேன்.

"ஓம், தெளிவாத்தான் கிடக்கு. அதிலை திரும்பிப் போறதுக்கு எது?"

மேலிருந்து மறுபடி வாசித்தேன். பிறகு இன்னொரு தரமும் வாசித்தேன். தானும் இங்கேயே நிற்பதாகச் சிசிலியா சொல்லிவிட்டாள். பணியகத்துக்கு "இயலும்" என்று அறிவித்துவிட்டேன். முறைப்படி இக்கடிதத்தைக் கிழிக்க வேண்டும். ஆயினும் ஓர் எழுத்துப் பிழையும் இல்லாததால் மனம் வரவில்லை, அனுப்புகிறேன். சபையில் வாசிக்க வேண்டாம். செயலாளர் பதவிக்கு வேறை ஆளைப் பாருங்கோ அண்ணை. கோவம் வரும், தெரியும். ஏசிறதெண்டால் கடிதத்திலை ஏசாதேங்கோ, அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஏறி வந்து நேரிலை ஏசுங்கோ.