மூன்று நாற்காலி, ஒரு ஸ்டூல்

"வெள்ளனே ஆரம்பிச்சாச்சா? இதென்ன வீடா, தச்சுப் பட்டறையா..."

"வெள்ளனேயா? மணி ஒன்பதாச்சு, கந்தம்மா..."

"...டொக்கு டொக்குன்னு அடிச்சா என் அடுக்குல இருக்கிற தட்டெல்லாம் குதிக்குது!"

"தட்டை எறக்கி வையி! என் வீட்டுல நான் ஆணி அடிக்கிறேன்."

"எத்தனை ஆணி? எத்தனை நாளு?"

இருவருக்கும் நடுவில் இருந்தது கூரையைத் தொடாத ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம், அந்த மலையூர் பஸ் ஸ்டாண்டில் பிளம்ஸ் விற்கும் கந்தம்மாள். புருஷன் செத்துப் பத்து வருஷம். இந்தப் பக்கம், தபாலாபீஸ் பியூனாக இருந்து ஓய்வு பெற்ற நல்லுசாமி; மனைவி போய் எட்டு வருஷம். எட்டு வருஷமாக அந்த வீட்டில் அவரோடு பேசியது அந்தப் பலகை மட்டும்தான்.

ஊரைக் காலி செய்துகொண்டு அமெரிக்காவுக்குப் போன ஒரு பாதிரியார் குடும்பம் சாமான்களை விற்றபோது, மூன்று நாற்காலியும் ஒரு ஸ்டூலும் அவருக்குச் சல்லிசாகக் கிடைத்தன. கால், கை, முதுகு எல்லாம் தேக்கு. உட்காரும் இடத்தில்தான் ஒன்றுமில்லை. கூலிக்கு ஆள் வைத்து மெத்தை போட வசதியில்லாததால் தானே சுத்தியலை எடுத்தார்.

காரணம், மதுரையில் இருந்த மகன். போன சீசனில் அவன் குடும்பத்தோடு வருகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வந்தார்கள். கால் மணி நேரம் நின்றார்கள். "எங்க ஒக்கார்றது மாமா?" என்று கேட்டாள் மருமகள். அப்புறம் ஏரிக்கரை லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவை உட்காருவார்கள், தங்குவார்கள். ஆனால் வந்து சேரும்வரை ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை.

சுல்தான் துணிக்கடையில் வெட்டுத்துணி கேட்டார்.

"நாற்காலிக்கா? யாரு வர்றாங்க?"

"ஆளு வருது, பாய்."

"எங்கேருந்து?"

"கீழேருந்துதான்."

"ஓஹோ!" என்று சிரித்தார் சுல்தான். "ஒண்டிக்கட்டை எத்தனை நாளைக்கு? நல்ல காரியம்!"

என்ன நல்ல காரியம் என்று நல்லுசாமிக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்டால் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும் என்று துணியோடு வந்துவிட்டார்.

முதலில், பைன் மரத்தடியில் சும்மா கிடந்த ஊசியிலையை அள்ளி வந்து திணித்தார். உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்ததைவிட வேகமாக எழுந்தார். அடுத்து தேங்காய் நார். மூன்று நாள் பனி அதில் இறங்கியதும், நனைந்த நாயை மடியில் வைத்திருப்பதுபோல நாறியது. கடைசியில் தன் படுக்கையைக் கிழித்து இலவம்பஞ்சை எடுத்தார். அது காற்றில் ஏறிப் பலகையைத் தாண்டியது.

"ஏங்க! என் ரசத்துல பஞ்சு மிதக்குது!"

"எடுத்துப் போட்டுட்டுக் குடி."

"இன்னும் எத்தனைதான் கெடக்கு?"

"மூணு முடிஞ்சது. ஸ்டூலை விட்டுட்டேன். துணி பத்தலை."

"விட்டுட்டீங்களா? வர்றவங்கள்ல ஒருத்தரு நிக்கணுமாக்கும்?"

"அது உனக்கெதுக்கு?"

அந்தப் பக்கம் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, பலகைக்கு மேலிருந்து பூப்போட்ட சேலை ஒன்று அவர் தலையில் வந்து விழுந்தது.

"பாய் எல்லாம் சொன்னாரு. கிழிச்சு அடிங்க. சனிக்கிழமைக்குள்ள வெரசா முடிங்க!"

ஸ்டூலுக்குள் அவர் தலையணையும் போயிற்று. கட்டிலில் வெறும் பலகைதான் மிச்சம். சனிக்கிழமை காலை நான்கையும் முன்னறையில் வரிசையாக வைத்து, "வாப்பா, ஒக்காரு" என்று சொல்லிப் பார்த்தார். குரல் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

பகல் தபாலில் மகன் கார்டு வந்தது. 'இந்த வருஷம் ஊட்டிக்குப் போகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.'

முப்பது வருஷம் ஊரார் கடிதங்களைச் சுமந்தவர், இந்தக் கார்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலி நாற்காலியாக மாற்றி வைத்தார். பிறகு கடைவீதிக்கு நடந்தார்.

"பாய், நாலையும் வித்துருங்க. வாங்குற ஆளு இருந்தா வீட்டுக்கு அனுப்புங்க."

"விக்கவா? யோவ், நாளைக்கு வர்றவங்க..."

"யாரும் வரலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கதவு தட்டப்பட்டது. வேட்டி கசங்க, பஸ் தூசியோடு நான்கு ஆண்கள். பாய் கெட்டிக்காரர்தான், அதற்குள் ஆள் பிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் நல்லுசாமி.

"பாருங்க, தேக்கு. உள்ளே இலவம்பஞ்சு."

நால்வரும் ஆளுக்கொன்றில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் மட்டும் லேசாகக் குதித்துப் பார்த்தார். ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்து, "மழைக்கு ஒழுகுமா?" என்றார். இன்னொருவர் எழுந்து அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வீடு எதுக்குங்க?" என்றார் நல்லுசாமி. "நாலையும் சேத்துத்தான் குடுப்பேன். பேரம் கெடையாது. எனக்கு ஒக்கார ஆளில்லை, எடுத்துட்டுப் போங்க."

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டுச் சத்தம்கூட இல்லை.

மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாற்காலி வாங்க வரலைங்க மாப்ள, அய்யம்பாளையத்துலேருந்து வீடு பாக்க வந்திருக்கோம். எங்க தங்கச்சி கந்தம்மாளுக்குப் புடிச்சுப்போச்சு, எங்களுக்கும் புடிச்சுப்போச்சு. உங்களுக்கு?"