எல்லாம் சூடுதானுங்க

சூடு கண்டுபிடிப்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. இவரை நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை; ஒரு தும்மல் போட்டால் போதும், அவரே வந்துவிடுவார். கண் சிவந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, பிள்ளை கணக்கில் கோட்டை விட்டால் அதுவும் சூடு. தெர்மாமீட்டரில் ஏறாத, எந்த ரத்தப் பரிசோதனையிலும் அகப்படாத, இவர் கண்ணுக்கு மட்டும் புலப்படுகிற சூடு. என்ன படித்தார் என்று கேட்காதீர்கள். அனுபவம் என்பார்.

காரமடையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஈஸ்வரமூர்த்தி. பம்ப்செட் கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஊரார் உடம்பை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டவர்.

எதிர்வீட்டு அரங்கசாமி முப்பது வருஷம் நூல்மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, ஓய்வு பெறும்போது இளைப்பையும் சேர்த்து வாங்கிவந்தவர். கோயமுத்தூர் டாக்டர் இன்ஹேலர் கொடுத்து இருவேளையும் இழுக்கச் சொன்னார். நாலு மாதம் மனிதர் நன்றாகவே இருந்தார், சந்தைக்குக்கூட நடந்தே போனார். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் மறந்துவிட்டார். ஐந்தாம் மாதம் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் திப்பி போல வெள்ளை படிந்தது. வழித்தால் அடியில் சிவந்து எரிந்தது. ரசம் சோறுகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி செல்போன் விளக்கை அடித்து நாக்கைப் பார்த்தார். பார்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தீர்ப்பை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

"ஏனுங்க அரங்கசாமி, இது அந்த மருந்தோட சூடுங்க. நெஞ்சுல எறங்குனது வாய்ல வந்து நிக்குது. அதைய நிறுத்திப்போட்டு எளநி குடிங்க."

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றார் அரங்கசாமியின் மனைவி வெங்கடம்மாள். மருந்து எழுதுகிறவரிடமே போய் மருந்து வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாரா என்று ஈஸ்வரமூர்த்தி திருப்பிக் கேட்டார். புத்திசாலித்தனமான கேள்வி. மடத்தனம் பெரும்பாலும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வரும்.

இன்ஹேலர் அலமாரிக்குள் போனது. இளநீர், வெந்தயத் தண்ணீர், உச்சந்தலைக்கு விளக்கெண்ணெய் என்று எட்டு நாள் ஓடியது. வெள்ளை அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னால் அரங்கசாமிக்கு மூச்சு முட்டியது. உதடு நீலம் பாரித்தது. பேச முடியாமல் மனைவியின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸ் மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலில் ஊர்ந்த நேரமெல்லாம், அடுத்த மூச்சு வருமா என்று அந்த அம்மாள் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழைத்துவிட்டார். நாக்கைப் பார்த்த பெண் டாக்டர், அது பூஞ்சை என்றார். இழுக்கிற மருந்தில் கொஞ்சம் வாயிலேயே தங்கிவிடுமாம்; கொப்பளிக்காத வாயில் பூஞ்சைக்குக் கொண்டாட்டமாம். வாயில் சற்று நேரம் வைத்திருந்து விழுங்கச் சொட்டு மருந்தும், மருந்து வாயில் படியாமல் நெஞ்சுக்குப் போக இன்ஹேலரோடு பொருத்தும் ஒரு குழாயும் எழுதிக்கொடுத்தார்.

"நாக்குக்காக மூச்சை நிறுத்தலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார். வெங்கடம்மாள் தலை குனிந்தார்.

மூன்றாம் நாள் வார்டுக்கு ஈஸ்வரமூர்த்தி வந்தார். வெட்கப்பட்டா? அதற்கெல்லாம் இந்த இனத்தில் வழக்கமில்லை.

"எளநி கொஞ்சம் அதிகமாப் போச்சுங்க அம்மணி. குளிர்ச்சி ஏறிக்கிச்சு" என்றவர், கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். மூன்று மணிக்கு மாடியில் இதய டாக்டரிடம் டோக்கனாம். பத்து வருஷமாக அவரிடம்தான் பார்க்கிறாராம், ஒருவேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லையாம்.

வெங்கடம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு மட்டும் சூடு வராதுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி டோக்கன் சீட்டைத் தேடிக்கொண்டே வராந்தாவுக்கு நடந்தார். லிப்ட் வந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் அரங்கசாமியின் நாக்கு தெளிந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் தெருவுக்கே கேட்கும்படி கொப்பளிக்கிறார்.

நீங்கள் இந்நேரம் உங்கள் சித்தப்பாவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் நாக்கில் வெள்ளை என்று படித்தவுடன், மணத்தக்காளிக் கீரை கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்குள் ஒரு குரல் சொன்னதே, அது யாருடையது?